ஓடைக்கரைப் பூவுக்கு வைத்த பெயர்

சவரிராயனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில். மழை தூறிக்கொண்டிருந்தது. மலைக்குப் போகிற பஸ் நிற்கும் இடத்தில், வாரால் இறுக்கிய இரண்டு மரச்சட்டங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். செடிகளை வைத்து அழுத்துகிற சட்டம். அந்த வயதில் அதைத் தூக்கிக்கொண்டு இந்த மனிதர் எங்கே போகிறார் என்று கண்டக்டரே ஒருமாதிரியாகப் பார்த்தான். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார். நான் பஸ் நேரம் எழுதும் பலகையைப் படிக்கிறவன்போலத் திரும்பிக்கொண்டேன். பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பழையதை அழித்திருந்தார்கள், புதியதை இன்னும் எழுதவில்லை. இருந்தாலும் பஸ் கிளம்புகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வருத்தப்பட்டேனா என்று கேட்காதீர்கள். என் மனைவி உலகம்மாள் அதற்கு முந்தைய ஆண்டு இறந்திருந்தாள். துக்கம் கேட்க அவர் வரவில்லை. நான் சொல்லி அனுப்பவில்லைதான். ஆனால் ஊர் உலகத்துச் செடியையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கிற ஆளுக்கு ஒரு சாவைத் தெரிந்துகொள்ள முடியாதா?

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும். பால் வாங்கவில்லை, வரக்காப்பிதான். சர்க்கரை போடலாமா?

நீங்கள் அவருடைய மாணவருக்கு மாணவி என்கிறீர்கள். அப்படியானால் அவருக்குப் பேத்தி முறை. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். உங்கள் கூட்டத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கரடிப்பாறை எஸ்டேட்டுக்கு வருடம் தவறாமல் ஜீப்பில் வருவார்கள். அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை துணியைச் சுற்றிக்கொள்வார்கள். ஒரு பிள்ளை பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும். இன்னொரு பிள்ளை பார்த்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு "சார், இது என்ன சார்?" என்று ஓடும். சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஏதோ ஒரு பெயர் சொல்வார். அதைப் பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொள்ளும். இதற்குப் பெயர் ஆராய்ச்சி.

நான் அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். மற்ற நாள்களில் டாக்டர் நான்தான். கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன தாவரப் புத்தகங்கள் கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தன. கேட்டு வாங்கிவந்தேன். மேசை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று மானேஜர் கொஞ்சநாள் என்னிடம் பேசவில்லை. லத்தீன் எனக்குப் புதிதல்ல. அந்தக் காலத்து மருந்துச் சீட்டெல்லாம் அதில்தான். 'சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வேளை' என்பதில் தொடங்கிச் செடியை விவரிக்கிற லத்தீன்வரை நானே ஏறிவந்தேன். செடிகளை ஆஸ்பத்திரியின் பழைய பேப்பரில் வைத்துக் கட்டுத்துணியால் கட்டி, ஃபாக்டரியில் தேயிலை உலர்த்துகிற டிரையருக்குப் பின்னால் வைத்துக் காயவைப்பேன். இலை நிறம் மாறாமல் காயும். உங்கள் கல்லூரி அலமாரிகளில் இருப்பவைபோல வறுத்த அப்பளமாக இருக்காது.

நான் செடி ஒட்டிய தாள்களைச் சவரிராயன் முதன்முதலில் பார்த்தபோது என்ன சொன்னார் தெரியுமா? முகர்ந்து பார்த்துவிட்டு, "கம்பவுண்டர் சார், எல்லாச் செடியிலயும் டீ வாசனை வருதே. கொதிக்கவச்சுக் குடிச்சிடலாம்போல" என்றார். கூட வந்த பிள்ளைகள் சிரித்தன. நானும் சிரித்தேன். மறக்கவில்லை.

அதற்குப் பிறகு மலைக்கு வந்தால் எங்கள் குவார்ட்டர்ஸில்தான் தங்குவார். நான்தான் தங்கச் சொன்னேன். பேசுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள் அங்கே? உலகம்மாள் அவருக்கு நெத்திலிக் குழம்பு வைப்பாள். இரண்டு பேரும் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். அவர் 'தங்கச்சி' என்பார், அவள் 'அண்ணாச்சி' என்பாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருப்பார். அதைப் பார்த்து அவள், "அண்ணாச்சிக்கு யாரு இந்தத் தாலியக் கட்டினது?" என்று கேட்பாள். "இந்த மலைதான் தங்கச்சி. ஆனா வரதட்சணை கேட்டு அட்டைய விட்டுக் கடிக்குது" என்பார். எனக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் வராது. எனக்கு விஷயம் முக்கியம்.

நீங்கள் கேட்டு வந்த செடிக்கு வருகிறேன்.

ஒரு தை மாதம். பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தார். மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். உலகம்மாள் குனிந்து சோறு போட்டாள். அவர் இலையைப் பார்க்காமல் அவள் தலையைப் பார்த்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் திரும்புங்க."

"எதுக்கு அண்ணாச்சி?"

"தலையில என்ன பூ அது?"

"இதுவா? ஓடைக்கரைப் பூ. கனகாம்பரம் கிடைக்காத ஊர்ல வேற எதை வைக்கச் சொல்லுதிய?"

ஒரு பூவை உருவிக் கொடுத்தாள். நான் அருகில் உட்கார்ந்திருக்கிறேன், அதைக் கவனியுங்கள். கட்டின புருஷன் பக்கத்தில் இருக்கும்போது இன்னொருத்தன் மனைவியின் கொண்டையிலிருந்து பூவை வாங்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறான். சோறு ஆறிப்போயிற்று. பார்த்தார், பார்த்தார், பிறகு என்னிடம், "சார், இதை நீங்க எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றார்.

எப்படி எடுத்து வைத்திருப்பேன்? அவள் அதைச் சில வருடங்களாகத் தலையில் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். தை பிறந்தால் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். கடைசித் தேயிலைக்கு அப்பால் சோலைக்குள் ஓர் ஓடை உண்டு. அங்கே போய்த் துணி அலசுவாள். வரும்போது வைத்துக்கொண்டு வருவாள். ஒருமுறை செடியையே ஒரு துண்டு கிள்ளிவந்து, "இந்த இலைக்கு அடியில செக்கச்செவேல்னு இருக்கு, பாத்தியளா?" என்று என் மேசைமேல் வைத்தாள். நான் அப்போது ஒரு புல்லினத்தைப் பற்றி முக்கியமாக எழுதிக்கொண்டிருந்தேன். களை என்று சொல்லித் தள்ளி வைத்தேன். பெண்டாட்டி தலையில் இருப்பதை எந்தத் தாவரவியல்காரன் பார்ப்பான்? தலையில் இருந்தால் அது பூ. செடியில் இருந்தால்தான் இனம்.

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். அவள் புகையிலைத் தூளும் உப்பும் கட்டிய துணியைக் காலில் ஒற்றிக்கொண்டு முன்னால் போனாள். ஓடை ஓரத்தில், எப்போதும் நீர் கசிகிற ஒரு பாறை. அதன் அடியில் பாய் விரித்ததுபோலப் படர்ந்து கிடந்தது. அவ்வளவுதான் அதன் உலகம். பாறையின் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் இல்லை. சவரிராயன் சட்டையோடு ஈரத்தில் குப்புறப் படுத்துவிட்டார். கண்ணாடியைப் பூவுக்குள் விட்டுக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்கிறார். கழுத்தில் அட்டை ஊர்வது தெரியவில்லை. உலகம்மாள்தான் தட்டிவிட்டாள்.

"சார், இது கனகாம்பரக் குடும்பந்தான். ஆனா இது புதுசு. யாரும் பார்க்கல."

"நல்லாத் தெரியுமா?" என்றேன்.

"மகரந்தப்பைக்கு அடியில வால் இல்ல சார். பக்கத்து இனத்துக்கெல்லாம் ஒரு சின்ன வால் இருக்கும். இதுக்கு இல்ல."

வால் இல்லாததால் புது இனமாம்! வால் இல்லையென்றால் வேறு சாதி என்பது குரங்குக்குச் சொன்ன நியாயம். செடிக்குமா? ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதையும் சொல்கிறேன்.

உங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புது இனம் கண்டவன் தன் பெயரைத் தானே அதற்கு வைத்துக்கொள்ள மாட்டான். வைத்தால் ஊர் சிரிக்கும். இன்னொருவர் பெயரை வைப்பான். கோயிலில் முதல் மரியாதை கொடுக்கிற மாதிரி. பரிவட்டத்தை யாரும் தன் தலையில் தானே கட்டிக்கொள்வதில்லை. பூசாரி யாரைப் பார்க்கிறாரோ அவருக்கு. சவரிராயன் பூசாரி. அந்த மலையில் செடி பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அவர் தங்கியது என் வீடு. அந்தப் பூவைப் பார்த்தது என் வீட்டுச் சாப்பாட்டில். வேறு யாருக்குக் கட்டுவார்? குற்றாலிங்கம் என்ற என் பெயர் லத்தீனில் எப்படி நிற்கும் என்று எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் நின்றது. பெரிய கிளார்க் நம்பியாரிடம் சொன்னேன். ஃபாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீ மேக்கரிடம் சொன்னேன். அவர்கள் கேட்டதால்தான் சொன்னேன்.

அடுத்த வருடம் தபாலில் கட்டுரை வந்தது. செடிக்கு உலகம்மாள் பெயர்.

எந்த உலகம்மாள் என்று யாரும் சந்தேகப்படக் கூடாதென்று அவரே விளக்கமும் எழுதியிருந்தார்: 'இச்செடியை முதலில் கண்டு, பல ஆண்டுகள் அறிந்து, எமக்குக் காட்டிய திருமதி உலகம்மாளைப் போற்றி.' என் பெயர் எங்கே என்று பார்த்தேன். கடைசிப் பக்கம், பொடி எழுத்தில்: 'உபசரிப்புக்காகக் கம்பவுண்டர் திரு. குற்றாலிங்கத்துக்கு நன்றி.'

உபசரிப்பு! சமைத்தவள் அவள். நன்றி எனக்கு. செடியைக் கண்டவன் நான். பெயர் அவளுக்கு. எல்லாம் தலைகீழ். ஒரு கட்டுரையைக்கூட நேராக எழுதத் தெரியாத ஆளிடம் பாடம் படித்தவர்கள் வழியில் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

நம்பியார் ஃபாக்டரி வாசலில் பத்துப் பேர் நடுவே கேட்டான்: "கம்பவுண்டரே, வீட்டம்மா பேரு சீமை வரைக்கும் போயாச்சாமே. நீங்க கூடப் போகலியா?"

உலகம்மாள் படித்துக் காட்டச் சொன்னாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். செடியை விவரிப்பதற்கு ஒரு வரிசை உண்டு, உங்களுக்குத் தெரியும். கீழிருந்து மேலே போக வேண்டும். வேரில் தொடங்கிக் காயில் முடிக்க வேண்டும். லத்தீனைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தேன். வேர், கணுதோறும். தண்டு, தரையோடு ஊர்வது, நான்கு பட்டை, நுனி மட்டும் நிமிர்ந்தது. இலை, எதிரெதிராக, அடிப்புறம் கருஞ்சிவப்பு.

"அதை நான்தான் உங்ககிட்ட மொதல்ல சொன்னேன்" என்றாள்.

பூ, வெள்ளை, கீழுதட்டில் ஊதாக் கோடுகள். காய், முற்றினால் வெடிப்பது.

"ஆமா, வெடிக்கும். துணி காயப்போட்டுட்டு உட்கார்ந்தா பக்கத்துல பட்டுப் பட்டுனு கேட்கும்."

பயன் என்று ஒரு வரி. 'பெண்கள் தலையில் சூடுகிறார்கள்.' பெண்களாம்! எத்தனை பெண்கள்? ஒருத்தி. அறிவியல் கட்டுரையில் என் மனைவியின் கொண்டை ஏறிவிட்டது.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பேரு இனிமே அப்படியேதான் இருக்குமா?"

"அப்படிச் சொல்ல முடியாது. இது பழைய இனந்தான்னு ஒருத்தன் எழுதி, பெரியவங்க ஒத்துக்கிட்டா பேரு விழுந்திடும்."

"ஏன் எழுதப்போறான்? அவனுக்கு என்ன கேடு?"

"சயின்ஸ்னா அப்படித்தான்."

சிரித்தாள். "நம்ம பேரை வைக்கப் பேரனா இருக்கான்? செடியாவது வச்சுக்கிட்டுப் போகட்டுமே."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் செடிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. பெண்கள் எதையும் எதோடும் முடிச்சுப்போடுவார்கள். மறுநாளே பக்கத்துக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள்கூட, "செடியம்மா, செடியம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வருகிறவள், "செடியம்மா வீட்டுக்காரர்தான ஐயா நீங்க?" என்று என்னிடமே கேட்கிறாள்.

எனக்கு யார்மேலும் சொந்தக் கோபம் கிடையாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தப்பு தப்புதான், அது யார் பெயரில் இருந்தாலும். வாலை நம்பி ஒரு இனத்தை நிறுத்துவது தப்பு. துரையின் புத்தகத்தில் அதே மாதிரி ஒரு பழைய இனம் இருக்கிறது. அதுவே நிழலில், ஈரத்தில் வளர்ந்தால் இப்படித்தான் ஊரும். இதை நிரூபிப்பது என் கடமை என்று எனக்குப் பட்டது.

ஒரு செடி புதிது என்று சொல்ல ஒரு துண்டு போதும். புதிது இல்லை என்று சொல்ல நிறைய வேண்டும். சிறிய இலை, பெரிய இலை, பூத்தது, காய்த்தது, வெயிலில் வளர்ந்தது, நிழலில் வளர்ந்தது எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, ஒன்று இன்னொன்றாக மாறுவதைக் காட்ட வேண்டும். பல ஊர் அலமாரிகளுக்கும் ஒவ்வொரு கட்டு அனுப்ப வேண்டும். அதற்குப் பாறைக்குப் போனேன். உலகம்மாள் தானும் வருகிறேன் என்று கூடவே வந்தாள். நான் கூப்பிடவில்லை.

"எல்லாத்தையுமா எடுக்கணும்?"

"ஒண்ணு ரெண்டு வச்சா ஒருத்தனும் நம்பமாட்டான்."

"வேரோட எதுக்குங்க?"

"வேர் இல்லாம அனுப்பினா குப்பையில போடுவான்."

பாறையின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு, "அந்த ஓரத்துல கிடக்கிறதையாவது விட்டுடுங்க" என்றாள்.

"ஏ உலகு, இது ஊர்ற செடி. கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு துண்டு மிஞ்சினாலும் மலையையே மூடிடும். நீ பயப்படாத."

ஓரத்தில் கிடந்ததுதான் இருப்பதிலேயே நல்ல மாதிரி. பூவும் காயும் ஒரே கொடியில். அதை விட்டுவிட்டு வர நான் என்ன முட்டாளா? திரும்பி வரும்போது அவள் பேசவில்லை. ஏற்றம், மூச்சு வாங்கியிருக்கும்.

டிரையருக்குப் பின்னால் அழகாகக் காய்ந்தது. ஒரு கட்டை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பினேன். ஒரு குறிப்பு எழுதினேன். நல்ல பத்திரிகையில் வந்தது. சில வருடம் கழித்து ஒரு பெரிய தாவரநூல் வந்தபோது அதிலும் ஏற்றுக்கொண்டார்கள். பழைய இனத்தின் பெயர் தடித்த எழுத்தில். உலகம்மாள் பெயர் அதற்குக் கீழே, செல்லாத பெயர்களோடு. அடிக்குறிப்பில் 'காண்க: குற்றாலிங்கம்.' அந்தப் பக்கத்தை நானே அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நான் சொல்வது மரியாதை இல்லையா?

"சரி, காப்பி ஆறுது, குடிங்க" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் தை மாதம் வந்தால் ஓடைக்குப் போய்விட்டு வருவாள். குவார்ட்டர்ஸுக்குப் புதுக்குழாய் போட்டு, எந்நேரமும் தண்ணீர் வந்த பிறகும் போனாள். "வந்திருக்கா?" என்று கேட்டால், "வரல" என்பாள். அவளுக்குத் தேடத் தெரியாது. நான் போயிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். நேரம் கிடைக்கவில்லை. தலையில் பூ வைப்பதையும் விட்டுவிட்டாள். வயதானால் பெண்களுக்குப் பூ ஆசை போய்விடும் என்று சொல்வார்கள்.

சவரிராயன் வந்தாரே, அதைச் சொல்லவில்லை. தாவரநூல் வெளியான வருடம். எப்போதும்போலப் பையை உள்ளே கொண்டுவந்து வைக்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

"சார், என் மேல கோபம்னா என்னைத் திட்டியிருக்கலாமே. அந்தச் செடியை எதுக்கு?"

"கோபமா? எனக்கா? உங்க வால் கதையை நான் ஒத்துக்கல, அவ்வளவுதான். காய்ஞ்ச பூவுல வால் உதிர்ந்திருக்கும்."

"அப்போ ஈரப்பூவுல காட்டுறேன். வாங்க, பாறைக்குப் போவோம்."

"போய்ப் பாருங்க. வழி தெரியும்ல."

போனார். சாயங்காலம் முழங்கால்வரை சேறோடு வெறுங்கையாக வந்தார். "சார், அங்க ஒரு இலைகூட இல்ல" என்றார். அந்தக் காலத்தில் அவர் கல்லூரிக் கட்டடத்தில் மழை ஒழுகி, அவர் முதலில் எடுத்த தாள்களெல்லாம் பூசணம் பிடித்துப் போயிருந்ததாம். அலமாரிக்குமேல் ஓடு உடைந்ததைக்கூடப் பார்க்காத ஆள்கள். என்னிடம் வந்து சொல்கிறார். நான் என்ன செய்ய?

உலகம்மாள் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துத்தான் பேசினார். "தங்கச்சி, பூவோட ஒரு கொடிய எங்கிருந்தாவது கண்டுபிடிச்சு இந்த மனுஷன் முன்னால வைக்கேன். வைக்காம விடமாட்டேன்."

"விடுங்க அண்ணாச்சி. கால் கழுவிட்டு வாங்க, நெத்திலிக் குழம்பு வச்சிருக்கேன்."

அவர் சாப்பிடாமல் போனார். வீட்டுக்கு வந்த ஆள் சாப்பிடாமல் போனால் அவமானம் யாருக்கு? எனக்குத்தானே? பிறகு எப்படி நான் பஸ் ஸ்டாண்டில் கை தூக்குவேன்?

வருடா வருடம் மழை விட்டதும் விடாததுமாக மலைக்குப் போய் ஓடை ஓடையாகத் தேடுகிறார் என்று நம்பியார் சொல்வான். "கம்பவுண்டரே, உங்க வீட்டுச் செடியத் தேடி அந்தக் கிழவன் மறுபடி வந்திருக்கு." தேடட்டும் என்பேன்.

ஓய்வு பெற்றதும் இங்கே வந்துவிட்டோம். உலகம்மாளுக்கு நெஞ்சுவலி. ஒரே நாள்தான். கம்பவுண்டர் வீட்டில் மாத்திரைக்கா பஞ்சம்? இருந்தும் என்ன. அதைப் பேச நீங்கள் வரவில்லை.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? விதையை மின்நுண்ணோக்கியில் பார்த்தால் பழைய இனம் வேறு, இது வேறு என்று தெரிந்துவிடும் என்கிறீர்கள். நான் அனுப்பிய கட்டுகளில் ஒன்று தபாலில் தொலைந்துவிட்டது, மற்றவற்றைப் பூச்சி அரித்துவிட்டது என்கிறீர்கள். முதல் தாள் அழிந்துபோனால் அதே இடத்தில் எடுத்த இன்னொரு தாளை அதன் இடத்தில் நிறுத்தலாம், அப்படி நிறுத்தினால் விழுந்த பெயர் எழுந்துவிடும் என்கிறீர்கள். விதி எனக்குத் தெரியும் அம்மா, எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். இன இலக்கணத்துக்கு ஆதாரமாக இனி என் தாள்தான் நிற்கும், சேகரித்தவர் குற்றாலிங்கம் என்று உலகம் முழுக்க அச்சாகும் என்கிறீர்கள். உபசரிப்பிலிருந்து இப்போது ஒரு படி ஏற்றுகிறீர்கள். சந்தோஷம்.

சவரிராயன் சொன்னது சரி என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள். சொல்லமாட்டேன். அவர் வாலை நம்பி எழுதினார், நீங்கள் விதையை வைத்துச் சொல்லப்போகிறீர்கள். குருட்டாம்போக்கில் எறிந்த கல்லில் மாங்காய் விழுந்தால் எறிந்தவன் கெட்டிக்காரன் ஆகிவிடுவானா?

இருங்கள், எடுத்து வருகிறேன். பீரோவில் அவள் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அங்கேதான் ஈரம் ஏறாது. நாப்தலின் உருண்டை மாற்றுகிறேன், பூச்சி தொட்டதில்லை. எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் ஆள்கள் வந்து பார்க்கட்டும்.

இந்தாருங்கள். விளிம்பைப் பிடியுங்கள், இலைமேல் விரல் படக்கூடாது. இரண்டு கையாலும். ஆமாம், அந்த ஓரத்தில் கிடந்த கொடிதான் இது. இலையைத் திருப்பி ஒட்டியிருக்கிறேன் பாருங்கள், அடிப்புறம் தெரிய வேண்டும் என்று. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் சிவப்பு இருக்கிறது. அந்தச் சின்னக் காகிதப் பொட்டலத்தில் விதை இருக்கிறது. எத்தனை வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள்.

நான் எழுதிய சீட்டை அடிக்காதீர்கள். உங்களுக்கே தெரியும், ஒருத்தன் எழுதிவைத்த பெயர் தப்பென்றாலும் அதன்மேல் கோடு கிழிக்கக் கூடாது, கிழித்தெறியவும் கூடாது. தன் பெயர்ச் சீட்டைப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். பிறகு வருகிறவன் இரண்டையும் படித்துக்கொள்வான். உங்கள் சீட்டில் அவள் பெயரை அச்சடித்தே கொண்டுவந்திருக்கிறீர்கள்போல. நான் தருவேன் என்று அவ்வளவு நம்பிக்கையா? பசையை நுனியில் மட்டும் தொட்டு வையுங்கள். கல்லூரிக்காரர்கள் சுவரொட்டி ஒட்டுகிற மாதிரி அப்பிவிடுவீர்கள்.

இங்கே, கீழே வலது மூலையில். நான் ஒட்டும்போது கொடியை இடப்பக்கம் வளைத்திருந்தேன். ஒரு சீட்டு அளவுக்கு இடம் மீதி இருக்கிறது.